முப்பது கிலோ

பாலியா, பாங்காக்கா, மாலத்தீவா என்று கேட்டான்
மதுரை ஏஜென்சிப் பையன்.
ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு
கடற்கரைக் கல்யாணப் படங்களை விரித்தான்:
வெள்ளைத் துணி, வெள்ளை நாற்காலி, வெள்ளை மணல்,
செருப்பில்லாத மாப்பிள்ளைகள்.
பேசாலை என்றேன்.
அது எந்த நாட்டில் என்றான்.

அரிச்சல்முனையில் கரைவலை இழுக்கிற நாட்களில்
என் போன் தானாகவே நாடு மாறிவிடும்.
முழங்கால் தண்ணீரில் நிற்கையில்
இலங்கைக்கு நல்வரவு என்று செய்தி வரும்.
பதினெட்டு மைல்.
அதற்குத் தங்கச்சிமடத்திலிருந்து மதுரை போய்,
கொழும்புக்குப் பறந்து,
வேனில் ஏழு மணி நேரம்
வடக்கே திரும்பி வரவேண்டும்.
தலைக்கு முப்பது கிலோ.

டிலக்சன் மண்டபம் முகாமில் பிறந்தவன்.
ஒன்பதாம் வகுப்பு வரை
என் தங்கை ரெக்சலினுக்குப் பக்கத்து பெஞ்சு.
பிறந்த ஊருக்கு விருந்தாளியாக வர
இரண்டு முறை விசா கேட்டான். இரண்டு முறையும் இல்லை.
சரி, நாம போவோம் என்றாள் அம்மா,
பாம்பன் சந்தைக்குப் போகிற குரலில்.
மணப்பெண்ணுக்கு ஒரே கவலை,
அங்கே பார்லரில் கரண்ட் போகுமா.

தேதிதான் பெரும்பாடு.
தவக்காலத்தில் கோயிலில் தாலி ஏறாது.
தடைக்காலம் தொடங்காமல் சொந்தபந்தம்
கடலை விட்டு வராது;
மீன் முட்டையிடும் அந்த இரண்டு மாதத்தில்தான்
எங்கள் பக்கம் கல்யாணம்.
மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு,
அதைச் சாமியாரிடம் சொல்லவில்லை:
மன்னார் நீதிமன்றம் அப்பாவுக்கு விதித்து
நிறுத்தி வைத்த தண்டனை
மே ஆறாம் தேதி முடிகிறது.
ஒன்பதாம் தேதி கல்யாணம்.
முகூர்த்தத்தை ஜட்ஜே குறிச்சுக் குடுத்துட்டார் என்று
சித்தப்பா சொன்னபோது
சிரித்தது அப்பா மட்டும்தான்.

இரண்டு கரையிலும் ஓலை வாசித்தாகிவிட்டது,
தடை சொல்பவர் உண்டா என்று, மூன்று ஞாயிறு.
யாரும் எழுந்திருக்கவில்லை.

படிவம் என் போனில். அப்பா சொல்லச் சொல்ல நிரப்புகிறேன்.
இந்நாட்டுக்கு முன்பு வந்ததுண்டா?
"உண்டுன்னு போடு."
எத்தனை நாள்?
"நாப்பத்தொண்ணு."
தங்கிய இடம்?
"வவுனியா ஜெயிலு. செலவு அவங்களோடது."
ஏஜென்சிப் பையன் பதறிக் கூப்பிட்டான்:
இல்லைன்னு போடுங்கக்கா, யார் பார்க்கப்போறா.
அப்பா போனை வாங்கினார்.
"தம்பி, என் படகு அங்கதான கெடக்கு.
அது பொய் சொல்லுமா?"

படகின் பெயரும் ரெக்சலின்.
அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கட்டியது.
அவளை முந்திக்கொண்டு அந்தக் கரையேறி
ஐந்து வருஷமாகத் தலைமன்னாரில் கிடக்கிறது.
டிலக்சன் கம்பி வேலிக்கு வெளியே நின்று
ஒரு படம் எடுத்து அனுப்பினான்.
பாதி மணலுக்குள். எஞ்சின் இல்லை.
பெயரில் பின்பாதி மட்டும் நிற்கிறது: சலின்.
மாமாவுக்குக் காட்டிப்போடாதேங்கோ அக்கா என்று
கீழே எழுதியிருந்தான்.
காட்டினேன்.
அப்பா இரண்டு விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி,
படகே தெரியாமல் போகிற அளவுக்குப்
பெரிதாக்கிப் பார்த்தார்.

விசா இன்னும் வரவில்லை.
ஆனாலும் நேற்றிரவு பெட்டி கட்டினோம்,
மீன் நிறுக்கிற கொக்கித் தராசில் தொங்கவிட்டு.
அம்மா மூன்று கிலோ நெத்திலிக் கருவாடு வைத்தாள்.
பேசாலைக்கே கருவாடா என்று எடுத்தேன்.
அந்தப் பக்கத்து நெத்திலி வேற என்று
திரும்ப வைத்தாள்.
அப்பா ஒரு நீல பெயின்ட் டப்பாவோடு வந்தார்.
பிளேனில் விடமாட்டார்கள் என்றேன்.
பேசாமல் கொண்டுபோய்விட்டார்.
கொஞ்ச நேரம் கழித்து வந்து
வேட்டி மடிப்புக்குள் எதையோ செருகினார்.
இரண்டு அங்குல பிரஷ். பழைய நீலம் காய்ந்து
முடி விறைத்திருந்தது.
தராசில் முள் அசையக்கூட இல்லை.